கட்டுவதும் காப்பதும்

பொதுமக்களின் பொருளால் ஒரு கட்டடத்தை எழுப்புதல் நற்செயல் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எழுப்பிய கட்டடத்தைச் சிதையாமல் பேணுதல் அதனினும் உயர்ந்ததா, தாழ்ந்ததா? கேட்ட மாத்திரத்தில் எளியதாகத் தோன்றும் இவ்வினா, நம் ஊர்க் கல்லூரிகளை நினைக்குங்கால் அத்துணை எளியதாக இல்லை.

புதுச்சேரி, கல்விக்குக் கொடுத்துப் பழகிய மண். அருகிலுள்ள பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடு, 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் ஆட்சியின்போது அவ்வூர் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகிறது. கொடுக்கப்பட்டது ஒரு மண்டபமன்று. ஆண்டுதோறும் விளைந்து வரும் வருவாய் என்பதைக் கவனிக்க வேண்டும். கற்பிப்போரும் கற்போரும் இன்று மட்டுமன்றி நாளையும் உண்ண வேண்டுமே என்று எண்ணிய நெஞ்சங்களின் கொடை அது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் 1823இல் மருத்துவப் பள்ளியும் 1838இல் சட்டப் பள்ளியும் எழுந்தன. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்போ 1962 ஆகஸ்டு 16இல்தான் நிறைவேறியது. பழைய எசமானர் முறைப்படி விடைபெறும் முன்னரே, 1961இல், மகாகவி தாகூரின் நூற்றாண்டில், அவர் பெயரால் இங்கே ஒரு கலைக் கல்லூரி தோன்றிவிட்டது. இலாசுப்பேட்டையிலுள்ள அக்கல்லூரியின் பெயரில் இன்று அறிவியலும் சேர்ந்திருக்கிறது. 1968இல் மகளிர்க்கென ஒரு கல்லூரி வந்தது. அது இப்போது பாரதிதாசன் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1985இல் பல்கலைக்கழகமே வந்தது. வளர்ச்சிக்குக் குறைவில்லை.

வளர்ச்சி என்றால் நாம் கட்டடத்தையே எண்ணுகிறோம். புதிய கட்டடத்திற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஒழுகிய கூரையைச் செப்பனிட்ட கொத்தனாருக்குக் கல்வெட்டு வைத்த ஊரை நான் கண்டதில்லை. எந்தக் கல்லூரியையும் சுட்டி இதனைக் கூறவில்லை. நாட்டின் இயல்பே இதுதான். கடற்கரைச் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நம் 'மேரி' கட்டடம் 2014 நவம்பர் 29இல் பெருமழையில் சரிந்து வீழ்ந்ததை ஊரார் மறந்திருக்கமாட்டார்கள். பழைய வடிவிலேயே மீண்டும் கட்டி 2021இல் திறந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆயினும் பழையதைத் தாங்கிப் பிடித்திருக்கத் தேவைப்பட்ட பொருளும் உழைப்பும் எவ்வளவு, புதிதாக எழுப்பத் தேவைப்பட்டவை எவ்வளவு என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அரபு மொழியில் கட்டடத்தை 'இமாரத்' என்பர். ஆயுளைக் குறிக்கும் 'உம்ரு' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. மக்கள் குடியிருந்து உயிரோட்டத்துடன் வைத்திருப்பதும் அவ்வேரின் பொருளில் அடங்கும். எனவேதான் ஹனபி சட்ட அறிஞர்கள் வக்பு பற்றிப் பேசுகையில், அதன் பராமரிப்பையும் 'இமாரத்' என்றே அழைத்தார்கள். வக்பின் வருவாயில் முதற் செலவு அதன் பராமரிப்புக்கே உரியது. கொடையாளி அவ்வாறு எழுதி வைத்திராவிடினும் அதுவே முதன்மை. பயன்பெறுவோரின் பங்கு அதன் பிறகே என்பது அவர்கள் வகுத்த விதி. சற்றுக் கடுமையான விதிதான். கையேந்தி நிற்பவனைக் காக்க வைத்துவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதா என்று கேட்கத் தோன்றும். சுவர் விழுந்தால் நாளை கையேந்தி வருபவனுக்கு நிற்கவும் இடமிராதே! இன்னும் பிறவாதவனின் உரிமையையும் கணக்கில் எடுத்துக்கொண்ட விதி என்று இதனைக் கொள்ளலாம். அரசுக் கல்லூரி வக்பு அன்று. எனினும் அதுவும் வருங்கால மாணவர்க்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

மாணவர் தொகை பெருகும்போது வகுப்பறைகளும் பெருக வேண்டாவா என்பர். பெருகத்தான் வேண்டும். பணத்தைப் பொறுத்த மட்டில் வரவு செலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கு ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீரும். தீராத சிக்கல் வேறொன்றிருக்கிறது. பேணுகின்ற கை யாருடையது?

குடிமைப் பண்பு குறித்துக் கல்லூரி அரங்கில் ஒரு மணி நேரம் பேசுகிறோம், கேட்கிறோம், கைதட்டுகிறோம். பின்னர் இறைந்து கிடக்கும் தேநீர்க் குவளைகளை யாரோ ஒரு பெண்மணி வந்து பெருக்கட்டும் என்று எழுந்து போகிறோம். அப்பெண்மணி பெரும்பாலும் எந்தக் குடியிலிருந்து வருகிறாள் என்பது எல்லாரும் அறிந்ததே. துடைப்பத்தைத் தொடுவது இழிவு என்ற எண்ணம் பட்டம் பெற்றாலும் நம்மை விட்டுப் போவதில்லை. கட்டுதல் பெருமை, காத்தல் இழிவு என்று நாம் கருதுவதன் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. சாதி வகுத்துக் கொடுத்த வேலைப் பிரிவினையைக் கல்லூரி ஓசையின்றி ஏற்றுக் கொண்டால், அங்கே குடிமைப் பண்பு எப்படி விளையும்?

1915இல் காந்தியடிகள் சாந்திநிகேதனத்திற்குச் சென்றிருந்தபோது, சமையல் முதலிய வேலைகளைக் கூலியாட்களிடம் விடாமல் ஆசிரியரும் மாணவருமே செய்யலாகாதா என்று கேட்டார். ஆசிரியர்கள் உடன்பட்டால் தமக்குத் தடையில்லை என்றார் தாகூர். மார்ச்சு 10இல் முயற்சி தொடங்கிற்று. அது நெடுநாள் நீடிக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்நாளை அங்கே காந்தி புண்ணியாகம் என்று கொண்டாடி, பணியாளர்க்கு ஓய்வளித்து, ஆசிரியரும் மாணவரும் துப்புரவு செய்யும் வழக்கம் நிலைபெற்றது.

தாகூரின் பெயரைச் சூடிய கல்லூரி உள்ள நம் ஊரில் இதனைத் தொடங்க அரசாணை எதுவும் தேவைப்படாது. எல்லாக் கல்லூரிகளுமே தொடங்கலாம். ஆனால் தாகூர் விதித்த நிபந்தனை ஆசிரியர்களைப் பற்றியது. முதல்வரும் பேராசிரியர்களும் முதலில் துடைப்பத்தைக் கையில் எடுக்க வேண்டும். அவர்கள் ஒதுங்கி நின்று மாணவரை மட்டும் ஏவினால், பிள்ளைகள் அதைத் தண்டனை என்றே எடுத்துக் கொள்வார்கள்.