நீச்சல் குளத்திற்கு நிதி: தானமா, ஆடம்பரமா?

சிறுநகரம் ஒன்றில் பொது நீச்சல் குளம் அமைக்க நிதி திரட்டப்படும்பொழுது, சிராவகர்களாகிய நம்மிடையே இரு வேறு கருத்துகள் எழுவது இயல்பே. நாம் நீரை வடிகட்டிப் பருகும் மரபினர்; நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு எனக் கொள்பவர்கள். இலட்சக்கணக்கான லிட்டர் நீரைத் தேக்கி, அதில் குளோரின் கலக்கும் பணிக்கு நாம் பொருள் ஈயலாமா? கோடையில் குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் ஊரில் இஃது ஆடம்பரமன்றோ? இவ்வினாக்களை எளிதில் புறந்தள்ள இயலாது.

எனினும் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் உழவு செய்து வாழ்ந்த நம் முன்னோர், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிப் பாசனக் கிணற்றிலேயே நீந்தக் கற்றனர். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் திறந்த கிணறுகள் பல வறண்டன, சில தூர்ந்தன. கற்பிக்கும் இடம் மறைந்தது; ஆபத்து மறையவில்லை. மழை பெய்தால் ஏரியும் கல்குவாரிப் பள்ளமும் நிரம்புகின்றன. நீந்தத் தெரியாப் பிள்ளைகள் அவற்றில் இறங்குகின்றனர். 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பள்ளிப் பருவத்தினர்க்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பித்தலை, அந்நிறுவனம் தடுப்பு வழிகளுள் ஒன்றாகப் பரிந்துரைக்கிறது.

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது அணுவிரதமே. சமந்தபத்திராசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், பயனின்றி நிலத்தை அகழ்தலையும் நீரை அலைத்தலையும் அநர்த்த தண்டத்துள் அடக்குகிறது. 'பயனின்றி' என்னும் சொல்லே இங்கு உரைகல். உழவுக்குக் கிணறு வெட்டியவரும் நீருயிர்க்கு இடர் செய்தவரே. ஆயினும் அது வாழ்வின் பொருட்டு நேர்ந்த ஆரம்ப ஹிம்சை. ஆதலின், நீரைப் பயன்படுத்துகிறோமா என்பதன்று வினா. எதன்பொருட்டுப் பயன்படுத்துகிறோம் என்பதே வினா.

ஒரு சிறுவனுக்கு நீந்தக் கற்பித்தல், ஓர் ஐயறிவுயிர்க்கு வாழ்நாள் முழுதும் துணைநிற்கும் அபயதானம். அதே குளம் பொழுதுபோக்கிற்கு மட்டும் பயன்படுமாயின், அப்பெயருக்கு உரியதன்று. 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உடைய குளம் 3 இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும். அதை அடிக்கடி வெளியேற்றி நிரப்புதல் பெரும் வீண். வடிகட்டி அதே நீரைச் சுழலச் செய்தால், ஆவியாவதும் வடிகட்டியைக் கழுவச் செலவாவதுமே பெரிதும் ஈடு செய்யப்பட வேண்டியவை.

நிதியின் வழியையும் சிந்திப்போம். தமிழக அரசு 2021இல் மீண்டும் தொடங்கிய நமக்கு நாமே திட்டம், பொதுப் பணிகளின் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்களிடம் எதிர்நோக்குவது. வரி கடமையால் செலுத்துவது. இத்தகைய பங்கோ விருப்பத்தால் ஈவது. விரும்பி ஈபவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

கட்டடத்திற்கு ஈவோர் பலர்; அங்கே கல்லில் பெயர் பொறிக்கப்படும். பயிற்சியாளர் ஊதியம், மின்கட்டணம், உயிர்காப்பாளர் சம்பளம் ஆகியவற்றிற்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் காப்பாளர் இல்லாத குளம் தானே ஓர் ஆபத்து. ஆகவே நம் பொருள் ஆண்டுச் செலவுக்கு உரிய வைப்புநிதியாக அமைவதே சிறப்பு. ஏழைப் பிள்ளைகட்குக் கட்டணமின்மை, பெண் குழந்தைகட்குத் தனி நேரமும் பெண் பயிற்சியாளரும், குடிநீர்ப் பஞ்சம் நேரும் காலத்தில் குளத்தை மூடுதல் ஆகியவற்றை முன்னரே எழுத்தில் பெறுதல் வேண்டும்.

இவற்றிற்கு இசையாத குளத்திற்கு ஈய மறுத்தல் உலோபமாகாது. இசையுமாயின், நீருயிர்க்கு நேரும் இடரை இல்லையென மறைக்காமல், அதனை இயன்றவரை குறைத்து, பெயர் நாடாது ஈவோமாக. அவ்வாறு ஈயப்படும் பொருளே தானம் எனப்படும்.