திட்டத்தை மாற்றலாமா?

வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கும் நாம், போட்ட திட்டத்தை மாற்றினால் அது பிள்ளைமேல் வைத்த அன்பா, நம்முடைய சோம்பலா?

பின்னக் கணக்குக்கு ஒரு வாரம் குறித்திருந்தேன். என் மகனோ, நாலில் ஒன்றைவிட எட்டில் ஒன்றே பெரியது என்று சாதித்தான். "நாலைவிட எட்டு பெருசுதானேம்மா!" வரலாற்றைத் தள்ளிவைத்து, மூன்று வாரம் தோசையை வெட்டிக்காட்டினேன். (வீட்டில் எல்லாருக்கும் தோசை சலிச்சுப்போச்சு!)

தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்கிறவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வை 5 ஆண்டுக்குள் எழுதி முடிக்கலாம், வாய்ப்புகள் 9. அப்படியிருக்க, இந்த அவசரம் யாருக்காக?

எனக்குத் தூக்கம் வருகிறது என்று பாடத்தைத் தள்ளுவது வேறு, அவனுக்கு விளங்கவில்லை என்று நிறுத்துவது வேறு. நோட்டில் இரண்டும் ஒரேமாதிரி அடித்தல்தான். எது எதுவென்று எனக்குத் தெரியும். வரலாறு அடுத்த திங்கட்கிழமை தொடங்குகிறோம்.