பெயரில் மட்டும் அமைதி

அமைதி வேண்டும் என்று சொல்லாதார் யார்? வாளேந்திய வேந்தனும் சொன்னான்; வதைபட்ட ஏழையும் சொன்னான். இருவரும் கேட்டது ஒன்றுதானா? ஆங்கிலச் சொல் ஒன்றின் வேரைத் தோண்டினால் விடை கிடைக்கும்.

'பசிபிக்' என்பது அச்சொல். கடலின் பெயராக நாமறிந்தது. அமைதி நாடும், அமைதி தரும் என்பது பொருள். இலத்தீன் சொற்கள் இரண்டு கூடிப் பிறந்தது. 'பாக்ஸ்' என்றால் அமைதி. 'ஃபகெரே' என்றால் ஆக்குதல். அந்தப் பாக்சின் உறவுச் சொல், உடன்பாடு செய்துகொள்வதைக் குறிக்கும். ஒப்பந்தம் எனப் பொருள்படும் 'பேக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அக்குடும்பமே. ஆக, அமைதி தானாக வாய்ப்பதன்று, ஆக்கப்படுவது. ஒருவர் ஆணையிட மற்றவர் அடங்குவதன்று. இருவர் இசைந்து செய்வது.

1520இல் மெகல்லன் தென்னமெரிக்க முனையின் புயல் வழியைத் தாண்டி வந்தான். எதிரே அலையடங்கிய கடல்! அதற்கு அமைதிக்கடல் என்று பெயரிட்டான். அப்பெயர் தாங்கிய கடலிலேதான் பின்னாளில் அணுகுண்டு வெடித்தது.

1946இல் பிகினித் தீவின் மக்கள் 167 பேரிடம் அமெரிக்கக் கடற்படை சம்மதம் கேட்டது. மனித குலத்தின் நன்மைக்காக ஊரை விட்டுத் தாருங்கள் என்றது. இசைந்தார்கள், வெளியேறினார்கள். உடன்பாடு ஏற்பட்டுவிட்டது என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால், உலகப் போரை வென்ற படை வாயிலில் நின்று கேட்கும்போது, ஒரு சிற்றூர் வேறென்ன சொல்லும்? 'மாட்டேன்' என்று சொல்ல வழியற்றவன் சொல்லும் 'ஆகட்டும்' உடன்பாடாகுமா?

1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த குண்டு, இரோசிமாக் குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. ரோங்கலாப் தீவின் மக்கள்மீது நச்சுச் சாம்பல் பொழிந்தது. மார்சல் தீவினர் அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் அவைக்கு முறையீடு அனுப்பினர்: சோதனையை நிறுத்துங்கள்! நிறுத்தவில்லை. 1958 வரை அத்தீவுகளில் நடந்த சோதனைகள் 67. பிற்பாடு பிகினிக்குத் திரும்பிக் குடியேறியவர்களும், கதிர்வீச்சு தணியாததால், 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டனர்.

பணிந்து போனபோது அமைதியானவர்கள் என்றது உலகம். முறையிட்டபோதோ, கேளாச் செவியாயிற்று. உண்மையில், அமைதிக்கான வேலை தொடங்கியது அந்த முறையீட்டிலேதான். உடன்பாடு என்பது இரு குரல்கள் இருந்தாலன்றோ பிறக்கும்?

எனவே தோழர்களே, 'இங்கே அமைதி நிலவுகிறது' என்று எவரேனும் கூறினால், ஓசை இல்லையே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். மறுக்கும் உரிமை இங்கே யாருக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அது இல்லாத இடத்தில் இருப்பது அடக்கம், அமைதி அன்று.