வருகைப் பதிவேடும் வாய்மையும்

கல்லூரிகளில் பருவத் தேர்வு நெருங்கும்போது அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டப்படும். வருகை குறைந்தமையால் தேர்வெழுதத் தகுதி பெறாதோரின் பெயர்ப் பட்டியல் அது. நம் இல்லங்களில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருப்பின் பெற்றோர் இதனை அறிந்திருப்பர். ஒரு பருவத்திற்கு 90 வேலைநாள். தமிழகத்துக் கலைக்கல்லூரிகள் பலவற்றில் நடைமுறை இதுதான்: 75 விழுக்காடு, அதாவது 68 நாள் வந்தவர் தடையின்றித் தேர்வெழுதலாம். 65 விழுக்காட்டிற்கு மேல் வந்தவர் காரணம் காட்டி, கண்டோனேஷன் கட்டணம் கட்டி எழுதலாம். 50-க்கும் 65-க்கும் இடைப்பட்டவர் அடுத்த முறை எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கும் குறைந்தவர் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டும்.

விதியைப் படிக்கையில் நியாயமாகவே தோன்றுகிறது. வகுப்பிற்கு வராதவன் எப்படிக் கற்பான்? ஆனால் வராத நாளில் அவன் எங்கே இருந்தான் என்பதை அந்த விதி கேட்பதில்லை.

இடையஞ்சாவடியில் குடியிருக்கும் எனக்கு அந்த விடை தெரியும். இங்கிருந்து வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். தை, மாசியில் தொடங்கி மழைக்காலம் வரும் வரையில் அங்கே உப்பு விளையும். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கி வாரிக் குவித்தாக வேண்டும். வீட்டில் ஆள் குறைந்தால் கல்லூரிப் பிள்ளையும் இறங்கத்தான் வேண்டும். கல்லூரியின் இரண்டாம் பருவமோ டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. உப்பு விளையும் காலமும் தேர்வுக் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும் பங்குனி, சித்திரையில் இதே கதைதான். காலையில் அளத்துக்குப் போய்விட்டுக் கைகால் கழுவிப் பேருந்து பிடித்து வந்து சேர்வதற்குள் முதல் மணி முடிந்திருக்கும். முதல் மணி தவறினால் அரை நாள் போயிற்று என்று எழுதும் கல்லூரிகளும் உள்ளன.

கல்லூரி விரிவுரையாளராகப் பணியாற்றும் நம் உறவுப்பெண் ஒருத்தி இத்தகைய மாணவன் ஒருவனைப் பற்றி என்னிடம் கேட்டாள். "நாலு நாள் வந்ததாகப் போட்டுவிட்டால் அவன் தேர்வு எழுதிவிடுவான். போடாவிட்டால் படிப்பே நின்றுவிடும். ஒரு கோடு கிழிப்பதால் ஒரு குடும்பம் பிழைக்குமென்றால் கிழிக்கக்கூடாதா, பெரியம்மா? ஜீவதயையைத்தானே நம் தர்மம் முதலில் வைத்திருக்கிறது?"

அவள் கேட்டதில் வலு இருக்கிறது. ஐந்து அணுவிரதங்களில் கொல்லாமை முதலாவது. பொய்யாமை அதன் பின்னே வருவது. உண்மையே ஆனாலும் பிறருக்கு ஆபத்தை விளைவிக்குமாயின் அதனைப் பேசலாகாது என்பதே சமந்தபத்திர சுவாமிகள் இல்லறத்தார்க்கு வகுத்த சத்திய விரதம். வள்ளுவரும் குற்றமில்லாத நன்மை தருமாயின் பொய்க்கும் வாய்மையின் இருக்கையில் இடமளிக்கிறார். அப்படியிருக்க, ஏழை மாணவனுக்காக இடப்படும் ஒரு சிறு கோட்டினைப் பாவம் என்று எப்படிச் சொல்வது?

ஆனால் அதே சமந்தபத்திரர் சத்திய விரதத்திற்கு உரிய அதிசாரங்களை எண்ணுங்கால் கூடலேகம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார். உமாஸ்வாமிகளின் தத்துவார்த்த சூத்திரமும் ஏழாம் அத்தியாயத்தில் இதனைக் கூறுகிறது. கூடலேகம் என்பது பொய்யான எழுத்து, பொய்ப் பத்திரம். வாயால் சொல்லும் பொய் இருக்க, எழுதும் பொய்யைத் தனியே பிரித்து ஏன் சொல்ல வேண்டும்? பேச்சு இருவருக்குள் முடிந்துவிடக்கூடும். ஏடு மூன்றாமவர் கைக்குப் போகிறது. அவர் அதனை நம்பி ஒன்றைச் செய்கிறார். வேடனிடம் மான் சென்ற வழியை மறைப்பவன் எவருடைய பங்கையும் எடுப்பதில்லை. பதிவேட்டில் பொய் எழுதுபவருக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்தவற்றுள் ஒன்று வருகைப் பதிவேடு எழுதும் முறை. காலையில் ஒரு சாய்கோடு, பிற்பகலில் அதனைக் குறுக்கே வெட்டி இன்னொரு கோடு. தவறு நேர்ந்தால் சுரண்டி அழிக்கக்கூடாது; அடித்துவிட்டு அருகே சுருக்கொப்பம் இட வேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று அந்த வயதில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்ததுண்டு. 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தபின் அதன் பொருள் விளங்கிற்று. அன்றைய வருகைக் கணக்கைப் பார்த்துத்தான் சமையற்கூடத்தில் அரிசி அளப்பார்கள். வராத பிள்ளை ஏட்டில் வந்துவிட்டால் அவன் பெயருக்கு ஒரு பிடி அரிசி எழுதப்படும். அந்த அரிசி எங்கே போயிற்று என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. கருணையினால் போட்ட கோடாயினும் சோம்பலினால் போட்ட கோடாயினும் அரிசிக் கணக்கில் வேற்றுமை தெரியாது.

கல்லூரிப் பதிவேட்டில் அரிசி இல்லை. ஆனால் அங்கும் ஒரு மூன்றாமவர் இருக்கிறார். அதே உப்பளத்து வீட்டிலிருந்து, அம்மாவை மன்றாடி அனுமதி பெற்று, வெயிலில் நடந்து 68 நாளும் வந்து சேர்ந்த பெண் ஒருத்தி அதே வகுப்பில் அமர்ந்திருப்பாள். 64 நாள் 68 ஆவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடமிருந்து எவரும் எதையும் எடுக்கவில்லை என்று சொல்வோமாயின் அவள் நடந்த நடைக்கு விலையில்லை என்றாகிவிடும். ஆசிரியர் கண்ணுக்குத் தெரிந்தவனுக்குக் கோடு விழுகிறது. வாய் திறந்து கேட்கத் தெரியாதவனுக்கு விழுவதில்லை. அதனால்தான் என் உறவுப்பெண்ணிடம் கோடு போடாதே என்றேன். 64 நாள் என்பதை 64 என்றே எழுது. அவன் ஏன் வரவில்லை என்பதைத் தனித் தாளில் எழுதி உன் கையொப்பத்துடன் முதல்வரிடம் கொடு. கட்டணம் கட்ட அவனிடம் இல்லையென்றால் நீ கட்டு. முதல் மணி வகுப்பை இரண்டாம் பருவத்தில் பிற்பகலுக்கு மாற்ற முடியுமா என்று துறைக் கூட்டத்தில் கேள். இவை யாவும் கோடு கிழிப்பதைவிடக் கடினமானவை என்றாள். ஆம், கடினமானவைதாம்.

கோடு கிழிப்பதைப் பெருமளவில் செய்தால் என்னவாகும் என்பதைத் தமிழகம் 2020-இல் பார்த்தது. கொரோனா காலத்தில் தேர்வு நடத்த இயலாத நிலை. அவ்வாண்டு ஆகஸ்டில், அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டியிருந்த மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாகக் கொள்ளப்படுவர் என்று அரசு அறிவித்தது. இறுதிப் பருவத் தேர்வுகளுக்கு மட்டும் விலக்கு. ஆண்டுக்கணக்காக அரியர் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். நன்றி கூறிச் சுவரொட்டிகளும் எழுந்தன. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இதனை ஏற்கவில்லை. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பை ஏற்க மறுத்து, ஏதேனும் ஒரு முறையில் தேர்வு நடத்தத்தான் வேண்டும் என்றது.

அந்த அறிவிப்பைச் செய்தவர்களின் நோக்கத்தை ஆராய்வது என் வேலையன்று. நோயினாலும் அச்சத்தினாலும் நிலைகுலைந்த மாணவர்க்கு இரக்கம் காட்டவேண்டிய காலந்தான் அது. தேர்வைத் தள்ளி வைத்திருக்கலாம். கட்டணமின்றி இருமுறை எழுத வாய்ப்பளித்திருக்கலாம். கட்டணம் கட்டியதே தேர்ச்சிக்குத் தகுதி என்று ஆனதுதான் எனக்கு உறுத்திற்று. வேலைக்குச் செல்லுமிடத்தில், 'நீ அந்த ஆண்டில் தேறியவனா?' என்று கேட்கப்பட்டால், உண்மையாகவே படித்துத் தேறியவனும் சேர்ந்தல்லவா தலைகுனிய வேண்டும்?

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். பல்கலைக்கழக மானியக் குழுவின் பத்துப் புள்ளித் தரவரிசையில் 'ஓ' என்றால் பத்து, 'பி' என்றால் நான்கு, 'எஃப்' என்றால் சுழி. இந்த எழுத்துகள் ஒருவன் கற்றதைக் காட்டுவதற்காக ஏற்பட்டவை. சில கல்லூரிகளில் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஐந்தினை வருகைக்கென ஒதுக்குகின்றனர். அப்போது அந்த எழுத்து அவனுடைய அறிவைச் சொல்கிறதா, அவன் வீட்டுப் பேருந்து வசதியைச் சொல்கிறதா? இதுவும் ஒருவகையில் கூடலேகமே என்பது என் எண்ணம். முப்பத்தொன்பதை நாற்பதாக்கும் கருணை மதிப்பெண்ணைப் பற்றி நம் வீடுகளில் எழும் வாதங்களை இங்கே தொடங்கினால் இதழில் இடம் போதாது.

2016-இல் தில்லியில் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், வருகை குறைவால் தேர்வெழுத அனுமதி மறுக்கப்பட்டபின் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். உச்சநீதிமன்றம் தாமாகவே எடுத்துக்கொண்ட அவ்வழக்கு பின்னர் தில்லி உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. 2025 நவம்பரில், வருகை குறைவைக் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்வெழுதாமல் தடுக்கலாகாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மாற்றாக 5 விழுக்காடு வரை மதிப்பெண் குறைத்துக்கொள்ள இடம் தந்தது. பிற்பகுதியைப் பற்றி மேலே சொன்ன தயக்கம் எனக்கு உண்டு. முற்பகுதிக்கு என் முழு மனமும் இசைகிறது. ஓர் உயிரின் எதிரே 75 என்னும் எண்ணை நிறுத்தி, எண்ணுக்காக உயிரை வளைத்தோமாயின் முதல் விரதம் அங்கேயே முறிந்தது.

ஆகவே ஏடு உண்மை பேச வேண்டும்; விதி இரக்கம் காட்ட வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி வைத்ததால்தான் நல்ல ஆசிரியர்கள் பொய் எழுதும் நிலைக்கு வருகிறார்கள். விதியையே இளக்கிய சான்றுகள் இருக்கின்றன. கேரளத்தில் 2023 ஜனவரியில், மாதவிடாய்க் காலத்தைக் கருதி மாணவியர்க்கு 73 விழுக்காடு வருகை போதும் என்று பல்கலைக்கழகங்களுக்கு அரசு ஆணையிட்டது. பேறுகாலத்தில் உள்ள மாணவியர்க்கு வருகையில் தளர்வு தருமாறு 2021 டிசம்பரில் மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இவற்றில் எந்தப் பெண்ணும் எவரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. எந்த ஆசிரியையும் ஏட்டில் கள்ளக் கோடு போட வேண்டியதில்லை. கண்டோனேஷன் கட்டணத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலிக்குப் போனதால் வராதவனிடம் அந்தக் கூலியிலேயே ஒரு பகுதியைக் கேட்கும் கருணை அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சினிமாவுக்குப் போன நாட்களை அதே கட்டணம் எளிதில் கழுவிவிடுகிறது.

படிப்பை இடையில் விட்டுப் போகும் மாணவரின் நிலை இன்னும் கொடியது. சேர்க்கையின்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தராமல், மீதியுள்ள ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று சொல்லும் வழக்கம் தனியார் கல்லூரிகளில் நெடுநாள் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தந்தை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரிக்கு மகளுடைய மதிப்பெண் பட்டியலுக்காகப் பலமுறை நடந்தார். அதே தத்துவார்த்த சூத்திரம் சத்திய விரதத்தின் அதிசாரங்களில் நியாசாபகாரம் என்று ஒன்றைச் சொல்கிறது: நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்ந்துகொள்ளல். பிள்ளையின் சான்றிதழ் கல்லூரியின் பொருளா? 2018 அக்டோபரில் மானியக் குழு, அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் தன்னிடம் நிறுத்தி வைக்கலாகாது என்று அறிவித்தது. கட்டணத்தைத் திருப்பித் தரும் அளவையும் வகுத்தது. சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத் தொகை, அதன்பின் இறுதி நாளுக்கு முன் எனில் 90 விழுக்காடு, இறுதி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அப்பால் ஒன்றுமில்லை. நம் குடும்பங்களில் பிள்ளையைச் சேர்ப்போர் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்வது நலம். எழுத்துமூலம் விண்ணப்பித்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வருவோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

புதிய தேசியக் கல்விக் கொள்கையில், ஓராண்டில் விலகினால் சான்றிதழ், ஈராண்டில் விலகினால் டிப்ளமா என்று ஓர் ஏற்பாடு கண்டுள்ளனர். பின்னர் திரும்பி வந்து தொடரலாம். இடைநிற்றலுக்கு மரியாதையான பெயர் சூட்டும் வேலை இது என்று தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. இருபுறமும் உண்மை இருக்கிறது. கையில் ஒன்றுமின்றிப் போவதைவிட ஒரு தாளுடன் போவது மேல். ஆனால் உப்பளத்து வீட்டுப் பெண் ஓராண்டில் விலகினால், 'திரும்பி வரலாம்' என்ற சொல் அவள் திருமணத்திற்குப்பின் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஊரில் வாழ்பவர் அறிவர். 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. எங்கள் பக்கத்துத் தாய்மார் சிலர், "அவள் போகட்டும், மாதம் ஆயிரம் வருகிறதே" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அளத்துக்கு அனுப்பாமல் மகளை முதல் மணிக்குப் பேருந்தேற்றி விடுவதற்கு அந்த ஒரு வாக்கியம் சில வீடுகளில் போதுமானதாக இருக்கிறது.