கற்பனை வேறு, கட்டுக்கதை வேறு!

திசம்பர் 31. நள்ளிரவு நெருங்குகிறது. திருத்தணி மலையடிவாரத்திலே மக்கள் கடல்! ஆண்டின் நாளுக்கொன்றாக 365 படிகள். படிதோறும் மஞ்சள், படிதோறும் குங்குமம், படிதோறும் கற்பூரம், படிதோறும் பாட்டு. காலிலே செருப்பில்லை, கண்ணிலே உறக்கமில்லை, ஆயினும் ஏறுகின்றனர். வருகிற ஆண்டாவது வாழ்வு தராதா என்ற ஏக்கம் அவர்களை ஏற்றுகிறது. அந்த ஏக்கத்தைக் கண்டு நகைக்க நமக்கு மனமில்லை. அந்த ஏக்கத்துக்கு மருந்து படியிலே இல்லை என்று கூறத்தான் நாம் இருக்கிறோம்.

அக்கடலுக்கு ஓரமாக, தேநீர்க் கடையின் பலகையிலே, நாமும் சில தோழர்களும் அமர்ந்திருந்தோம். அவர்களில் ஒருவர் பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்தவர், தறியோடு வளர்ந்த இளைஞர். அவர் கையிலே ஒரு நாவல். ஆடு ஒன்று கதைத் தலைவியாக வரும் நாவல். அதைக் கண்ட மற்றொரு தோழர் கேட்டார்: “மேலே ஆறு முகமும் பன்னிரண்டு கையும். கீழே உம் கையிலே சிந்தித்துத் துயருறும் ஆடு. அதை மறுக்கிறீர், இதைப் படிக்கிறீர். இரண்டுக்கும் என்ன வேறுபாடு, தோழரே?”

எல்லோரும் நகைத்தோம். நகைப்பு அடங்கிற்று, கேள்வி அடங்கவில்லை. பகுத்தறிவாளன் மாய உலகக் கதைகளைப் படிக்கலாமா? வரக்கூடாத காலம் வந்துவிட்டதாகக் காட்டும் நாவல்களைப் பிறருக்குப் பரிந்துரைக்கலாமா? இல்லாததை இருப்பதாகக் கூறுவது பொய்தானே. பொய்யை எதிர்ப்போர் பொய்யைப் பரப்பலாமா?

நேர்மையான கேள்வி. நேர்மையாகவே விடை காண்போம்.

பொய் என்பது யாது? உண்மையல்ல என்று அறிந்தே, உண்மையென நம்பவைப்பது. நம்பவைக்கும் நோக்கமே பொய்யின் உயிர். நாவலாசிரியன் தன் நூலின் முகப்பிலேயே ‘நாவல்’ என்று அச்சிட்டுவிடுகிறான். “இது நான் புனைந்தது, நடந்ததன்று” என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்த பிறகே கதையைத் தொடங்குகிறான். புராணமோ, “இது நடந்தது; நம்பு; நம்பினால் வீடுபேறு, ஐயுற்றால் நரகம்” என்கிறது. நாவலை நம்பாதவனை யாரும் நரகத்துக்கு அனுப்புவதில்லை. நாவலின் பெயரால் உண்டியல் வைப்பதில்லை. நாவலில் வரும் ஆட்டுக்குத் தீட்டு இல்லை, தரகன் இல்லை, மான்யம் இல்லை.

ஆகவே, ஒரு கதையை எடைபோட மூன்று கேள்விகள் போதும். தன்னைக் கதையென்று அது ஒப்புக்கொள்கிறதா? ஐயுறுவோனைத் தண்டியாமல் விடுகிறதா? படித்தவனை முன்னினும் மிகுதியாகச் சிந்திக்க வைக்கிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது கற்பனை. இல்லையெனில் கட்டுக்கதை. கற்பனை அறிவுக்குச் சிறகு. கட்டுக்கதை அறிவுக்கு விலங்கு!

கற்பனையின்றி வாழ்வே இல்லை என்பதற்கு இத்திருத்தணியே சான்று. படித் திருவிழா ஆதியிலிருந்து வந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. ஆங்கிலப் புத்தாண்டு நாளில் வெள்ளைத் துரைமாரைத் தேடிச்சென்று வணங்குவதைவிட மலையேறுவது மேல் என்று ஒரு மனிதர் எண்ணினார், வழக்கம் பிறந்தது. மனிதன் எண்ணி உண்டாக்கியது என்பதை மறந்த கணத்திலே, அது மாற்றவொண்ணாத மரபாகிவிட்டது.

மற்றொன்றையும் பாரீர். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றோர் வடக்கெல்லைக் கிளர்ச்சி நடத்தினர். படாஸ்கர் பரிந்துரை வந்தது. 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் ஊர் தமிழகம் திரும்பிற்று. அந்நாள்வரை அந்தத் தேசப்படம் எங்கே இருந்தது? எந்த அலுவலகச் சுவரிலும் இல்லை. சிலர் உள்ளத்திலே இருந்தது! அது கற்பனைதான். ஆனால் “நம்பு” என்று மிரட்டிய கற்பனையன்று. சிற்றூரை அலகாகக் கொண்டு, எம்மொழி பேசுவோர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்து, வாதிட்டு வென்ற கற்பனை. இன்றும் இவ்வூர்க் கடைத்தெருவிலே தமிழும் தெலுங்கும் தோளோடு தோள் உரசிச் செல்கின்றன. கணக்குக்கு உட்பட்ட கற்பனை பகையை வளர்ப்பதில்லை.

இல்லாத உலகைக் காட்டி இருக்கும் உலகைக் கேள்வி கேட்பதுதான் இவ்வகை நாவல்களின் தொழில். இது மேனாட்டார்க்கே உரிய சரக்கு என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி. 1905-இல், நம் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திவந்த ஆங்கில மாதர் ஏட்டிலே, ‘சுல்தானாவின் கனவு’ என்னும் கதை வெளியாயிற்று. எழுதியவர் வங்கத்து முஸ்லிம் பெண், ரொக்கையா. அவர் படைத்த நாட்டிலே ஆண்கள் திரைக்குள்ளே, பெண்கள் ஆட்சியிலே! கதிரவன் வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கின்றனர். அவ்வெப்பத்தையே பாய்ச்சிப் பகைவர் படையை ஓட்டுகின்றனர். வானிலே ஊர்தி செலுத்துகின்றனர். “பெண்ணைப் பூட்டிவைப்பது இயற்கை” என்று கூறியவனை, “அப்படியானால் உன்னைப் பூட்டினால் எப்படி?” என்று கேட்டது அக்கதை. கட்டுரையாக எழுதியிருந்தால் பத்துப் பேர் மறுத்திருப்பர். கதையாக எழுதினார், படித்த ஆண்மகன் ஒரு நாழிகை திரைக்குள்ளே இருந்து பார்த்தான்! எழுதியதோடு நின்றாரா ரொக்கையா? 1911-இல் கல்கத்தாவிலே எட்டு மாணவிகளோடு பெண்கள் பள்ளியை நடத்தலானார். கனவு, பள்ளிக்கூடமாயிற்று.

இத்தகைய நூல்களுக்குப் பெரிய பதிப்பாளரின் வாயில் எளிதில் திறப்பதில்லை. ருசிய நாட்டு சமியாத்தின், மனிதர்க்குப் பெயர் நீக்கி எண் சூட்டும் அரசை வைத்து ‘நாங்கள்’ என்னும் நாவலை 1920-21-இல் எழுதினார். 1924-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. எழுதியவர் நாட்டிலோ 1988-இல்தான் அச்சேறியது. ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைப் பதிப்பாளர் பலர் தள்ளினர், அன்று ருசியா இங்கிலாந்தின் போர்த்துணை. 1945-இல்தான் அது வெளிவந்தது. கேத்தரின் பர்டெகின் என்னும் ஆங்கிலப் பெண், நாசி ஆட்சி பல நூறாண்டு நீடித்தால் பெண்குலம் என்னாகும் என்பதை 1937-இலேயே எழுதினார். ஆண் பெயருக்குள் மறைந்துகொண்டே வெளியிட்டார். நம் நாளிலே ஹியூ ஹவி என்னும் அமெரிக்கர், மண்ணுக்கடியிலே அடைபட்டு வாழும் மக்களின் கதையை 2011-இல் பதிப்பாளரை நாடாமல் தாமே வெளியிட்டார். படித்தவர் படிக்காதவரிடம் கூறினர். அதுவே அந்நூலுக்கு விளம்பரம்.

தமிழகத்துக்கு வருவோம். பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010-இல் வெளிவந்தது. 2014 இறுதியிலே எதிர்ப்புக் கிளப்பப்பட்டது. 2015 சனவரியில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும் நிலை வந்தது! 2016 சூலை 5-இல் சென்னை உயர்நீதிமன்றம் எழுத்துரிமையின் பக்கம் நின்றது. அதன் பிறகு அவர் எழுதிய நாவல்தான் அன்று நம் தோழர் கையிலே இருந்த ‘பூனாச்சி’. மனிதரைப் பற்றி எழுத அச்சம், கடவுளரைப் பற்றி எழுதவோ பேரச்சம். ஆகவே ஆட்டைப் பற்றி எழுதுகிறார்! அந்த உலகிலே ஆட்டுக்குட்டி பிறந்தாலும் அரசிடம் பதிய வேண்டும். காது குத்தி அடையாளமிட வேண்டும். வரிசையிலே நிற்கும் மக்கள் வாய் திறக்க அஞ்சுவர். அது ஆட்டின் கதைதானா, தோழர்களே? மலைமேல் உள்ள கதை, “கேள்வி கேளாதே” என்கிறது. இக்கதையோ, கேள்வி கேட்க அஞ்சும் நாட்டின் கதி என்ன என்பதைக் காட்டுகிறது. வேறுபாடு இதுதான்.

இனி, நமக்கே கசப்பான ஒன்று. பிறரைச் சுடும் நூலைப் பரிந்துரைப்பது எளிது. நம்மைச் சுடும் நூலை?

பெரியார் ‘இனிவரும் உலகம்’ பற்றி 1940களிலே கூறினார். ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்திக் கருவி, உருவம் காட்டிப் பேசும் வசதி, ஆண் பெண் சேர்க்கையின்றியே பிள்ளைப்பேறு, இவையெல்லாம் வரும் என்றார். 1978-இல் இங்கிலாந்திலே சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. இன்று உருவம் காட்டும் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும். பெருமிதம் கொள்கிறோம். ஆனால், ஹக்ஸ்லி 1932-இலே எழுதிய நாவலிலும் குழந்தைகள் குப்பியிலேதான் பிறக்கின்றன. அங்கே அது விடுதலையன்று, அடிமைத்தனம்! கருவிலேயே இவன் ஆள்பவன், இவன் உழைப்பவன் என்று தரம் பிரித்து விடுகின்றனர். பிறப்பினால் உயர்வு தாழ்வு என்னும் வருணமுறையை அறிவியலைக் கொண்டே கட்டிவிடுகின்றனர். பெரியார் கண்ட அறிவியல் பெண்ணின் விலங்கை உடைக்கிறது. ஹக்ஸ்லி கண்ட அறிவியல் புது விலங்கு செய்கிறது. கருவி ஒன்றே, அது யார் கையில் என்பதே கேள்வி. ஒன்றை மட்டும் படிப்பவன் அறிவியலை வணங்கத் தொடங்குவான், அல்லது அஞ்சத் தொடங்குவான். இரண்டையும் படிப்பவனே சிந்திக்கத் தொடங்குவான்.

‘விலங்குப் பண்ணை’யும் அத்தகையதே. விடுதலை கேட்டு எழுந்தவர்களே எசமானர்களாக மாறும் கதை அது. அதைப் படித்து, “இது வேறு எவரையோ பற்றியது” என்று மூடி வைக்கும் இயக்கம் பிழைக்காது. “நம்மிடையே அந்த நோய் உண்டா?” என்று கேட்கும் இயக்கமே நிலைக்கும்.

பரிந்துரைப்பது எப்படி? இங்கே நம் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் ஒருவர் சொந்தச் செலவில் அச்சிட்ட நாவலை, நாற்பது பக்கம் மட்டும் படித்துவிட்டு, மேடையிலே வானளாவப் புகழ்ந்தோம். ஏழை மாணவர் ஒருவர் நம் சொல்லை நம்பி வாங்கினார். பிறகொருநாள் வந்து கேட்டார்: “அய்யா, இதை நீங்கள் முழுதும் படித்தீர்களா?” நம் வாயிலே சொல் இல்லை. அன்று நாம் செய்தது என்ன? படிக்காத நூலை நம்பச் சொன்னோம்! மலைமேல் இருப்பவர் செய்வதைத்தான் மலையடியில் இருந்து நாமும் செய்தோம். பகுத்தறிவு பேசிய வாயால் பூசாரித் தொழில் பார்த்தோம்.

அன்றிலிருந்து நமக்கு நாமே சில கட்டுப்பாடுகள் வகுத்துக்கொண்டோம். முழுதும் படிக்காததைப் பரிந்துரைப்பதில்லை. நட்புக்காகவும் இரக்கத்துக்காகவும் புகழ்வதில்லை. நிறையோடு குறையும் கூறுவோம். “படித்துப் பாரும், பிடிக்காவிடில் மூடிவிடும், ஏன் பிடிக்கவில்லை என்பதை மட்டும் வந்து கூறும்” என்போம்.

அன்றிரவு அந்தத் தறிக்குடும்பத்து இளைஞர் தம் பையிலிருந்து மற்றொரு நூலை எடுத்தார். அவரே எழுதி, கூலியில் மிச்சம் பிடித்து அச்சிட்டது. ஊர்த் தறிகளெல்லாம் ஒரே முதலாளியின் சொற்படி இயங்க, நெய்பவன் தன் துணிக்குத் தானே நிறம் தேர்ந்தெடுப்பது குற்றமாகிவிட்ட காலம் பற்றிய கதை. “பரிந்துரைப்பீர்களா?” என்றார். கண்ணிலே ஆவல், குரலிலே நடுக்கம்.

வாங்கிச் சென்றோம். இருமுறை படித்தோம். எழுதினோம்: “முற்பாதி நெருப்பு. பிற்பாதியிலே பாத்திரங்கள் பேசுவதை விட்டுச் சொற்பொழிவாற்றுகின்றன. அச்சுப் பிழைகள் மலிந்துள்ளன. ஆயினும் முற்பாதிக்காகவே எல்லோரும் படிக்கலாம். அதை நாமே கூறுவோம்.” மறுமொழி வரவில்லை. ஒரு திங்கள் கழிந்தது. வருந்தினோம், ஒருவேளை ஓர் எழுத்தாளனைக் கொன்றுவிட்டோமோ என்று அஞ்சினோம். பிறகு வந்தது அஞ்சல் அட்டை: “பிற்பாதியைத் திரும்ப எழுதுகிறேன்.”

சிறு அச்சகத்திலிருந்து வரும் நூலெல்லாம் சிறந்ததென்று நாம் கூறவில்லை. செப்பமற்றவை பல; அவசரக் கோலங்கள் பல. ஆனால், எளியவன் எழுதினான் என்பதற்காகப் பொய்யாகப் புகழ்வது அவனைச் சிறுவனாக்குவது. எளியவன் எழுதினான் என்பதற்காகப் படியாது தள்ளுவது அவனைத் தீண்டாதவனாக்குவது. முழுதும் படித்து உண்மை கூறுவதே அவனை மனிதனாக்குவது. சமத்துவம் என்பது ஏட்டுக்கும் உண்டு!

ஆகவே, இளைஞர்களே! படிப்பகம்தோறும் இத்தகைய நாவல்களுக்கு ஓர் அடுக்கு ஒதுக்குங்கள். திங்களுக்கு ஒன்று படியுங்கள், கூடிப் பேசுங்கள், ஒப்பாதவரை முதலில் பேசவிடுங்கள். நம்மைப் புகழும் நூலுக்குப் பக்கத்திலே நம்மைக் குத்தும் நூலையும் வையுங்கள்.

வரிசையிலே நிற்பவன் வாய் திறக்க அஞ்சும் காலம் கதையில் மட்டுமே இருக்கட்டும். அது தெருவுக்கு வராமல் காப்பது, அக்கதையைப் படித்தவர் கடமை!