கடற்கரைச் சிற்றூரில் ஓய்வு: இல்லறத்தார் எண்ணத்தக்கன

உழைப்பிற்கு எல்லை உண்டு என்பதை உடல் அறிவிக்கின்றது. ஓய்விற்கும் எல்லை உண்டு என்பதை அறமே அறிவித்தல் வேண்டும்.

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் இல்லங்களில் பயணத் திட்டங்கள் எழுகின்றன. மலை நகரங்களில் நெரிசல் மிகுந்துவிட்டமையால், அமைதியானதொரு மீனவச் சிற்றூரில் நான்கு நாள் தங்கிக் கடற்காற்று வாங்கி வரலாமென எண்ணுவோர் பலர். பூம்புகாரும் அதனை அடுத்த கரையோர ஊர்களும் அதற்கு ஏற்றவையே. ஆயினும் சமண இல்லறத்தார்க்கு இங்கே ஒரு கேள்வி எழாமற் போகாது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர், மீன்பிடித்தலையே வாழ்வாகக் கொண்ட ஊரில் மகிழ்ந்து இளைப்பாறலாமா?

கவுந்தியடிகளின் பயணத் திட்டம்

பயணத்தை அறத்தோடு சேர்த்து எண்ணும் வழக்கம் நமக்குப் புதியதன்று. புகாரை நீங்கி மதுரை நோக்கிப் புறப்படுமுன், கவுந்தியடிகள் கோவலனுக்கு வழியின் இயல்பை விளக்கும் பகுதி சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் உள்ளது. வழியில் நேரும் இடர்களை மட்டும் அவர் கூறவில்லை. வழிச்செல்வோரால் பிற உயிர்கட்கு நேரும் இடர்களையும் கூறுகின்றார். தேனடை சிதைந்து கலந்த நீரை அறியாமற் பருகிவிடக் கூடும். களைந்தெறிந்த பூவினுள் வண்டு கிடக்க, அதன்மேல் அடி வைத்துவிடக் கூடும். வாய்க்காற் கரையில் நண்டும் நத்தையும் காலில் மிதிபடக் கூடும் என்பன அவர்தம் அச்சங்கள். வழிநடைத் திட்டத்தில் நண்டிற்கும் ஓர் இடம் அளித்த பெருமை அவ்வடிகளுடையது.

அடைக்கலக் காதையிலோ அவர் தங்குமிடத்தையும் ஆராய்கின்றார். ஆயர் வாழ்க்கையிற் கொடுமை இல்லை என்று கருதியே, கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கின்றார். அங்ஙனமாயின் மீனவர் ஊர் நமக்கு ஆகாது என்பதுதானே முடிவு என்று ஒருவர் வினவலாம்.

அவ்வினா நேர்மையானதே. பிடிபட்ட மீன் துடிப்பதைக் கண்டு மனம் கலங்குவோர் வேறிடம் தேடிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதே காப்பியத்தின் புகார் நகரை நோக்குக. மருவூர்ப்பாக்கத்தில் மீன் விற்கும் பரதவர் வாழ்ந்தனர். அந்நகரிலேயே சாரணர் அறவுரை கூறுதற்குச் சாவகர் அமைத்த கல்மேடையும் இருந்தது. ஒரே கடற்காற்றை இருவரும் நுகர்ந்தனர். பிறர் தொழிலை ஏற்காமையும் அவர்தம் அண்மையை வெறுத்தலும் வேறு வேறு.

மூவகை உடன்பாடு

தீமையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாக நம் ஆகமங்கள் பகுத்துள்ளன. மீனவச் சிற்றூரில் தங்குவோர் மீன்பிடிப்பதில்லை, பிடிக்கச் செய்வதுமில்லை, உணவில் அதனை விலக்குவதால் உடன்படுவதுமில்லை. எனவே தங்குதல் ஒன்றே பாவமாகாது.

எனினும் இவ்விடத்தில் செருக்கு நுழைதல் எளிது. நம்முட் பலர் உழவர் குடியினர். ஏர் செல்லும் சாலில் மாயும் உயிர்கள் எத்துணை! பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் மாய்வன எத்துணை! திருமணத்தில் நாம் விரும்பி உடுக்கும் பட்டு, கூட்டுப்புழுவைக் கொதிநீரில் இட்டு எடுத்த நூல் அன்றோ? கருதிச் செய்யும் கொலைக்கும் தொழிலினிடையே நேரும் கொலைக்கும் வேறுபாடு உண்டு, அதனை மறுத்தற்கில்லை. ஆனால் அவ்வேறுபாடு நம் விரதத்தைக் காத்துக்கொள்ளக் கிடைத்த அளவுகோலேயன்றி, பிறர்மேல் எறிதற்குக் கிடைத்த கல் அன்று. கருவாடு உலரும் கரையில் மூக்கைப் பொத்தி முகஞ் சுளிப்பவர், உணவிற் புலால் தவிர்த்தும் உள்ளத்திற் கடுமை தவிர்த்திலர். அக்கரை நமக்கு வேடிக்கையிடம். அவர்கட்கோ வலை பழுதுபார்க்கும் முற்றம்.

இன்னுமொன்று. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் இக்கரையோர மக்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் இழந்தனர். பொழுதுபோக்காக அக்கதையைக் கேட்டு, ஆறிய புண்ணைக் கீறுதலும் இம்சையே.

பயனில் தீமை

ஓய்விற்காகச் சுற்றுதலே தகுமா என்பது அடுத்த வினா. பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை அலைத்தல், தீ மூட்டுதல், செடி கொடிகளைக் கொய்தல், வீணே திரிதல் ஆகியவற்றைப் ‘பிரமாதசரியை’ எனப் பெயரிட்டு, அநர்த்ததண்டத்துள் அடக்கினார் சமந்தபத்திரர். இன்றைய சுற்றுலாக்கள் பெரும்பாலன இப்பட்டியலுள் அடங்கிவிடும் என்பதை நினைக்கின் அச்சமே தோன்றுகின்றது.

சான்றாக, பங்குனி ஆமையைக் காண்போம். சோழமண்டலக் கரையில் அது முட்டையிடும் பருவம் பங்குனியைத் தழுவியது. பொரிந்து வெளிவரும் குஞ்சுகள் இரவில் கடலின் மேல் தோன்றும் ஒளியை நாடி ஊர்ந்து செல்லும் இயல்புடையன. விடுதியின் மின்விளக்கும் கரையில் மூட்டிய தீயும் அவற்றைத் திசை மாற்றிக் கரையிலேயே மாயச் செய்கின்றன. அங்கே கொன்றவர் எவருமிலர், களித்தவரே உளர். மணலில் ஓட்டும் வண்டி நண்டு வளைகளை நசுக்குகின்றது. நினைவுப் பொருளாக வாங்கும் சங்கும் சிப்பியும் பலகால் உயிரோடு எடுக்கப்பெற்றவை. மீனவர் கொலை பசிக்கு, நம்முடையதோ பொழுதிற்கு!

ஆகவே ஓய்விற்கும் ஒரு பயன் வேண்டும். தளர்ந்த உடலைத் தேற்றிக் கடமைக்கு மீளச் செய்தலும், சிதறிய மனத்தைச் சாமாயிகத்தில் நிறுத்துதலும் அதன் பயன்களாம்.

தடைக்காலம் தரும் பாடம்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கத்தை முன்னிட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. முன்னர் 45 நாட்களாக இருந்த தடை 2017 முதல் நீட்டிக்கப்பெற்றது. நாட்டுப்படகுகட்கு இத்தடை இல்லை. நம் கோடை விடுமுறை இத்தடைக்காலத்திலேயே அமைகின்றது. அவ்வமயம் விசைப்படகுகள் கரையோரம் நிற்கும். வண்ணம் பூசுதலும் இயந்திரம் பழுதுபார்த்தலும் நிகழும். தொழிலாளர்க்கோ வருவாய் நின்றிருக்கும்.

இத்தடை அருளினால் விளைந்ததன்று. நாளைய மீன்வளத்தைக் கருதியது என்பது உண்மையே. ஆயினும் ஒரு பருவம் கையை மடக்கிக்கொள்ளுதல் உயிர்கட்கு நன்மை தரும் என்பதை அது காட்டுகின்றது. மழைக்காலத்தில் உயிர்கள் மல்கும் நிலத்தை மிதித்தற்கு அஞ்சி, நான்கு திங்கள் ஓரிடத்தே தங்கும் நம் முனிவர்தம் வர்ஷாயோகத்தை இது நினைவூட்டவில்லையா? வருவாயிழந்து ஓய்ந்திருக்கும் ஊருக்கு நாம் செலவழித்து ஓய்வெடுக்கச் செல்கின்றோம். இதை உணர்ந்தவர் அங்கே அறை வாடகைக்கும் இட்டலிக்கும் இளநீருக்கும் பேரம் பேசார். உயிர்க்கொலையின்றி ஈட்டும் அச்சிறு வருவாய் நியாய விலையில் அவர்களைச் சேர்தல் நன்று.

திட்டமே விரதமாக

எனவே புறப்படுமுன் தேசவிரதம் போன்று எல்லை வகுத்துக்கொள்க. இத்தனை நாள், இவ்வூர், இவ்வளவு பொருள் என்று உறுதி செய்க. பொழுது சாயுமுன் உணவு கிடைக்குமா என முன்கூட்டியே கேட்டறிக. நீர் வடிகட்டும் துணியும், தனிக் கலங்களும், அவலும் பொரியும் உடன் கொள்க. அவற்றை எடுத்துச் செல்வதன் காரணத்தை அவ்வூரார் மனம் நோகாமற் கூறுக. இரவில் கரையில் விளக்கும் தீயும் தவிர்க்க. நெகிழிப் பைகளைத் திரும்பக் கொணர்க. சங்கும் சிப்பியும் கரையிலேயே கிடக்கட்டும். நம் பிள்ளைகள் அம்மீனவச் சிறாரோடு விளையாடட்டும்.

நாம் நீங்கிய பின் அக்கரையில் நம்மால் ஓர் உயிரும் குறையாமல், ஓர் உள்ளமும் நோகாமல் இருக்குமாயின் அதுவே நல்லோய்வு. கவுந்தியடிகள் நண்டிற்கு அஞ்சி அடியெடுத்து வைத்த மண்ணில் நாமும் அங்ஙனமே நடப்போமாக.

அறம் வளர்க!