அப்பாவுக்கு எதைக் காட்டுவது?

இரும்புலியூரில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் இருக்கும் மகனிடம் போய்விட்டு இந்த வாரம்தான் திரும்பினார். பால் வாங்கப் போன இடத்தில் பார்த்து, "ஜெர்மனி எப்படிங்க இருந்தது?" என்று கேட்டேன். "ஹாலேன்னு ஒரு ஊர் தம்பி..." என்று ஆரம்பித்தார். வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

லைப்சிக்கிலிருந்து ஹாலேவுக்கு ரயிலில் அரை மணி நேரம். நாம் தாம்பரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குகிற நேரம்தான். மகன் பட்டியல் போட்டு வைத்திருந்தார். சந்தைச் சதுக்கம், சிவப்புக் கோபுரம், 1685-ல் அந்த ஊரில் பிறந்த இசைமேதை ஹாண்டலின் சிலை, பிராங்கே வளாகம், 1804-ல் தொடங்கிய சாக்லேட் ஆலையின் அருங்காட்சியகம், மோரிட்ஸ்பர்க் கோட்டை. எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். சிலைக்கு முன்னால் ஒரு படம், கோபுரத்துக்கு முன்னால் ஒரு படம். நிற்கச் சொன்ன இடத்தில் பெரியவரும் நின்றார்.

பிராங்கே வளாகம் என்பது ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற பாதிரியார் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1698-ல் கட்டத் தொடங்கிய இடம். இல்லம், பள்ளிக்கூடம், நூலகம் எல்லாம் ஒரே வளாகத்தில். இல்லத்தின் மேல்மாடியில், உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்து சேர்ந்த பொருள்களை அலமாரி அலமாரியாக வைத்திருக்கிறார்கள். கூரையிலிருந்து ஒரு முதலைகூடத் தொங்குகிறது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தமிழ் ஓலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. குனிந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார்.

இந்த ஓலை இங்கே எப்படி வந்தது என்று மகன் அங்கிருந்தவர்களிடம் விசாரித்துச் சொன்னார். ஹாலேயில் படித்த சீகன்பால்கு என்ற பாதிரியார் 1706-ல் தரங்கம்பாடி வந்து தமிழ் கற்றார், ஏடுகள் சேர்த்தார். அவருக்காக இதே ஹாலேயில் தமிழ் எழுத்துகளை வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். 1713-ல் அவை தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. ஆனால் எழுத்து ரொம்பப் பெரிது, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடிப் பகுதியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-ல் பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

பெரியவருக்கு இதைக் கேட்ட பிறகு கால் நகரவில்லை. கீழே இறங்கி முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். எழுத்து பெரிதானால் பக்கத்துக்கு எத்தனை வரி குறையும் என்பதில் தொடங்கினார். எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக வைத்துக் கட்டைவிரலால் அணைத்துக்கொண்டே போவது. இடவலம் மாறிக் கிடக்கும் ஈய எழுத்தைத் தடுமாறாமல் படிப்பது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு, எழுத்துப் பெட்டியில் தும்பிக்கை வைத்த பழைய லை, னை கிடந்த அறைகள் மெல்ல மெல்ல வேலையற்றுப் போனது. வீட்டுக்கு வந்ததும் ஈயக் கறை போகச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்குவது. அந்தக் குழந்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"'ழ' எந்த அறைப்பா?" என்று மகன் கேட்டிருக்கிறார். பெரியவர் யோசிக்கவே இல்லை. எதிரே அந்த எழுத்துப் பெட்டி இருப்பதுபோல் கையை நீட்டி, "இங்க" என்று காட்டினார். "'க்ஷ'?" "அதோ, ஓரத்துல." இப்படியே ஒரு மணி நேரம். சாக்லேட்டும் கோட்டையும் நின்றுபோயின. மகன் அந்தப் பட்டியலை அப்புறம் எடுக்கவே இல்லையாம்.

நேயர்களே, அப்பா அம்மாவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். நல்ல மனசு, பாராட்ட வேண்டும். ஆனால் ஐந்து நாளில் ஏழு ஊர் என்று முட்டிவலிக்காரர்களை விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. படத்தில் முகம் சரியாக விழுந்ததா என்று பார்க்கிறோம். கால் வலிக்கிறதா என்று கேட்பதில்லை.

வயதானவர்களுக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அதுவும் அவர்கள் ஆயுசெல்லாம் செய்த வேலையோடு ஒட்டிய இடமாக இருக்கட்டும். அதற்கு ஜெர்மனிதான் போகவேண்டும் என்றில்லை. ரயில்வேயில் இருந்த அப்பாவுக்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. தறியில் உட்கார்ந்த அம்மாவுக்குக் காஞ்சிபுரம் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் விளக்கிச் சொல்லும் வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். கேள்வி கேட்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.